நூறு புத்தகமும் ஒரு பென்சிலும்

வருஷம் பிறந்ததும் "இந்த ஆண்டு 100 புத்தகம்" என்று இலக்குப் பதிவுகள் வரிசை கட்டும். வாசகராக மட்டும் இருப்பவர் தாராளமாகப் படித்துத் தள்ளட்டும். கதை எழுத நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பெரிதாக உதவாது என்பது என் கட்சி. நூறு நாவலை ஓட்டியவரைவிட, ஒரு நல்ல சிறுகதையை நாலு தடவை படித்தவருக்குத் தொழில் சீக்கிரம் பிடிபடும்.

முதல் தடவை சும்மா, கதைக்காக. ஒரு நாள் விட்டு இரண்டாவது தடவை, கையில் பென்சிலோடு. காலம் நகரும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு: "மறுநாள்", "அதற்குள்", "அப்போது அவளுக்குப் பத்து வயது". பத்து வருஷம் எப்படி இரண்டே வரியில் கடந்தது, ஐந்து நிமிஷம் எப்படி மூன்று பக்கத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இதில்தான். அலாரம் அடித்து, பல் தேய்த்து, பேருந்து ஏறுவது வரை ஒரு பக்கம் ஓடும். கதையே திரும்பும் அந்தச் சண்டைக்கு நாலு வரி.

மூன்றாவது தடவை, யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதற்காக. நான்காவது தடவை படிப்பதுகூட இல்லை, ஒரே ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் பார்ப்பது. தட்டச்சு வேண்டாம், விரல் ஓடிவிடும். பேனா மெதுவாகப் போவதால்தான் எழுவாயை எங்கே விட்டிருக்கிறார், எங்கே வாக்கியத்தைச் சட்டென்று வெட்டியிருக்கிறார் என்பதெல்லாம் பிடிபடுகிறது.

சொந்த எழுத்துக்கும் இதே வாசிப்புதான். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதியவர் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே சொன்னது அது. அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: தினமும் முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைக் காதால் எடைபோடுவது. 250ஐப் பிடித்துக்கொண்டவர்கள் இந்த அரை மணியை விட்டுவிட்டார்கள்.

தமிழுக்கு இந்தக் காது இன்னும் அவசியம். நம் வினைமுற்றுகள் வாக்கியக் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்பவை. "கதவைத் திறந்தான். உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றினான். நாற்காலியில் உட்கார்ந்தான். பெருமூச்சு விட்டான்." வாய்விட்டுப் படித்தால் ஆன், ஆன் என்று சுத்தியல் அடிக்கும். உடனே எல்லாவற்றையும் எச்சமாக்கி, "திறந்து, வந்து, கழற்றி, உட்கார்ந்து" என்று ரயில் பெட்டி கோப்பார்கள். சத்தம் குறையும், சலிப்பு குறையாது. இந்த ஐந்தில் வாசகருக்குப் புதுச் செய்தி எது என்று கேட்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால் ஐந்தையும் அடித்துவிடலாம். "செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தான்" என்று எழுதிப் பாருங்கள். திறந்ததும் வந்ததும் தானாகப் புரிந்துவிடும். பெருமூச்சும் தேவைப்படாது.

எழுதி முடித்த சூட்டில் திருத்த உட்காராதீர்கள். மூளை தாளில் இருப்பதைப் படிக்காது, எழுத நினைத்ததைப் படிக்கும். இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். பொறுமை இல்லையென்றால் எழுத்துருவையாவது மாற்றி, அச்செடுத்துப் படியுங்கள். வரி மடங்கும் இடம் மாறியதுமே பாதித் தவறு வெளியே வந்துவிடும். சந்திப்பிழை பார்ப்பது கடைசி வேலை. அடித்துவிடப்போகும் பத்திக்கு ஒற்று போட்டு என்ன ஆகப்போகிறது?

உரையாடலுக்கு மட்டும் முதலிலேயே அரைப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பாத்திரம் "இருக்கு" என்கிறது, எது "இருக்குது" என்கிறது, யார் வாயில் "அவங்க", யார் வாயில் "அவுக". பேச்சுமொழிக்கு அகராதி எழுத்துக்கூட்டல் கிடையாது, நாம் வைத்ததுதான் சட்டம். பட்டியல் இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் "வாரேன்" என்ற கிழவி ஏழாம் அத்தியாயத்தில் "வரேன்" என்பாள். எது சரி என்று தெரியாத மெய்ப்புத் திருத்துநர் இரண்டையும் "வருகிறேன்" ஆக்கிவிட்டுப் போவார்.