இதோ, அடுத்த மேடுதான்

(ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் பால்மஹா என்ற சிற்றூர். அதன் முதுகுக்குப் பின்னால் கானிக் ஹில், உயரம் 361 மீட்டர். மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். மேடு என்று சொன்னால் ஏறியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் மாதக் காலை. டங்கனும் ஆர்ச்சியும் கிளாஸ்கோவில் ஒரே பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டங்கன் ஆபீஸில் உட்கார்ந்து பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டவர். ஆர்ச்சி அந்த அட்டவணைப்படி பஸ் ஓட்ட முயன்றவர்.)

ஆர்ச்சி: யாருடைய சிலை இது? கம்பளித் தொப்பியெல்லாம் போட்டிருக்கிறாரே.

டங்கன்: டாம் வியர். பெரிய மலையேறி. ஸ்காட்லாந்தின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து டிவியில் காட்டியவர். 2014-இல் இங்கே சிலை வைத்தார்கள்.

ஆர்ச்சி: அவ்வளவு பெரிய மலையேறியையே கீழே ஏரிக்கரையில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். நான் அவருக்குத் துணையாக இருக்கிறேன். நீ போய்விட்டு வா.

டங்கன்: ஒரே ஒரு மணி நேரம், ஆர்ச்சி. நெய்ஸ்மித் கணக்குப்படி சொல்கிறேன்.

ஆர்ச்சி: அவர் யார்?

டங்கன்: வில்லியம் நெய்ஸ்மித். 1892-இல் போட்ட கணக்கை இன்றைக்கும் மலையேறிகள் பார்க்கிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அப்புறம், ஏறுகிற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கூடுதலாக அரை மணி. நமக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் தூரம், 340 மீட்டர் ஏற்றம். கூட்டிப் பார்.

ஆர்ச்சி: மூச்சு வாங்க எத்தனை நிமிடம் போட்டிருக்கிறார்?

டங்கன்: அது கணக்கில் வராது.

ஆர்ச்சி: நினைத்தேன். நீ போட்ட அட்டவணையிலும் சிக்னல் கிடையாது, பாட்டிகள் பைக்குள் சில்லறை தேடுகிற நேரம் கிடையாது. நெய்ஸ்மித் உனக்கு என்ன, தாத்தா முறையா?

(மரங்களுக்கு நடுவே பாதை. போகப் போகப் படிக்கட்டு. ஆர்ச்சி ஒரு படியில் உட்கார்கிறார்.)

ஆர்ச்சி: இது யாருடைய இடம்? உள்ளே வந்ததற்கு யாராவது நம்மை விரட்ட வாய்ப்பு இருக்கிறதா?

டங்கன்: இல்லவே இல்லை. 2003-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் நிலமானாலும், பொறுப்பாக நடந்துகொண்டால் ஸ்காட்லாந்தில் அநேகமாக எங்கே வேண்டுமானாலும் நடக்க உனக்கு உரிமை உண்டு.

ஆர்ச்சி: உரிமைதானே? கட்டாயம் என்று எழுதவில்லையே?

டங்கன்: எழுந்திரு.

ஆர்ச்சி: சட்டத்தை மதித்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு... ஆ! கழுத்து எரிகிறதே! காதுக்குள்ளும் என்னவோ!

டங்கன்: மிட்ஜ். காற்றில்லாத இடத்தில் உட்கார்ந்தால் மொய்த்துவிடும். கொசுவில் கால்வாசிதான் இருக்கும். கடிப்பது பெண் பூச்சி மட்டும்தான், முட்டைக்காக ரத்தம் தேடுகிறது.

ஆர்ச்சி: ஆயிரம் பிரசவத்துக்கு நான் ஒருவனா ரத்தம் கொடுக்கவேண்டும்?

டங்கன்: நட, விட்டுவிடும்.

ஆர்ச்சி: நின்றால் கடிக்கிறது, நடந்தால் விடுகிறது. நம் டெப்போ மேலாளர் மாதிரியே இருக்கிறது. சரி, இன்னும் எவ்வளவு தூரம்?

டங்கன்: இதோ, அடுத்த மேடுதான்.

(அடுத்த மேடு. அதற்கு அப்பால் இன்னொரு மேடு, முன்னதைவிடக் கொஞ்சம் பெரியது.)

ஆர்ச்சி: டங்கன்.

டங்கன்: சொல்.

ஆர்ச்சி: ஒன்றுமில்லை. உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அது போகட்டும், இந்தக் கம்பத்தில் அறுகோணத்துக்குள் ஒரு முட்பூ படம் போட்டிருக்கிறதே, என்ன அது?

டங்கன்: வெஸ்ட் ஹைலேண்ட் வே நடைபாதையின் அடையாளம். மல்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் 154 கிலோமீட்டர். 1980-இல் திறந்தார்கள். எதிரே முதுகில் மூட்டையோடு வருகிறார்களே, அவர்கள் அதில் நடப்பவர்கள்தான். டிரிமன் பக்கமிருந்து வந்து பால்மஹாவில் இறங்குவார்கள்.

ஆர்ச்சி: அப்படியானால் உச்சி வழியாகத்தான் வந்திருப்பார்கள். எவ்வளவு தூரம் என்று அவர்களையே கேட்கிறேன்.

டங்கன்: கேட்காதே. பாதை உச்சிக்குப் போகாது.

ஆர்ச்சி: என்னது?

டங்கன்: உச்சிக்குச் சற்றுக் கீழே சுற்றிக்கொண்டு போகிறது. நாம்தான் பாதையை விட்டு விலகி ஏறவேண்டும். சின்ன ஏற்றம். கொஞ்சம் செங்குத்து.

ஆர்ச்சி: 154 கிலோமீட்டர் நடக்கத் துணிந்தவர்களே 'இது மட்டும் வேண்டாம்' என்று சுற்றிப் போகிறார்கள். முட்டி தேய்ந்த என்னை நீ அங்கே கூட்டிக்கொண்டு போகிறாய்.

டங்கன்: நிறையப் பேர் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆர்ச்சி: நிறையப் பேர் 38-ஆம் நம்பர் பஸ்ஸில் தவறாக ஏறியும் இருக்கிறார்கள்.

(பாறைகள். காலடியில் சரளை உருள்கிறது.)

டங்கன்: குனிந்து இந்தப் பாறையைப் பார். உருண்டைக் கூழாங்கற்கள் ஒட்டிக் கெட்டிப்பட்டது. இதற்குப் புட்டிங் கல் என்று பெயர்.

ஆர்ச்சி: நான் காலையில் ஒரு ரொட்டித் துண்டு சாப்பிட்டவன். என்னிடம் புட்டிங் என்று சொல்லாதே. குனியவும் சொல்லாதே.

டங்கன்: நீ நிற்கிற இடத்தின் மகிமை தெரியவில்லை உனக்கு. ஆரன் தீவிலிருந்து ஸ்டோன்ஹேவன் வரை ஸ்காட்லாந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற நிலப்பிளவு இந்த மலை வழியாகத்தான் போகிறது. இந்தப் பக்கம் தாழ்நிலம், அந்தப் பக்கம் ஹைலேண்ட்ஸ் என்கிற மலைநாடு.

ஆர்ச்சி: அதாவது, நான் ஸ்டேஜ் தாண்டிவிட்டேன். இனி டிக்கெட் விலை கூடும். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்க மாட்டேன்.

டங்கன்: இதோ, அடுத்த...

ஆர்ச்சி: கேட்கவில்லை என்றேனே!

(உச்சி. காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்க்கிறது. ஆர்ச்சி நாலு காலில் வந்து சேர்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆர்ச்சியைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.)

டங்கன்: எப்படி?

ஆர்ச்சி: பரவாயில்லை.

டங்கன்: பரவாயில்லையா? கிரேட் பிரிட்டனிலேயே பரப்பளவில் பெரிய ஏரி உன் காலடியில் கிடக்கிறது. தீவுகளைப் பார், வரிசை பிடித்து நிற்கின்றன. இன்ச்கைலாக், டோரின்ச், கிரெஞ்ச், கடைசியில் இன்ச்மரின். சொன்னேனே, அந்த நிலப்பிளவு, அதே கோட்டில்தான் போகின்றன.

ஆர்ச்சி: அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது எந்தத் தீவு, வலதுபக்கம் தள்ளி, மரமாக இருக்கிறதே?

டங்கன்: இன்ச்கொனாகன். 1940-களில் அங்கே வாலபி கொண்டுவந்து விட்டார்கள். கங்காருவின் சின்ன வடிவம்.

ஆர்ச்சி: கங்காரு? இங்கே? டங்கன், நீ கொஞ்சம் உட்கார். தண்ணீர் குடி.

டங்கன்: நிஜம்டா!

ஆர்ச்சி: ஒரு மணி நேரம் என்றாய், இரண்டாகிறது. அடுத்த மேடு என்றாய், நாலு மேடு வந்தது. இப்போது கங்காரு. சரி, வடக்கே அந்தப் பெரிய மலை?

டங்கன்: பென் லோமண்ட். 974 மீட்டர். அது 'முன்ரோ' வகை மலை. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ முன்ரோ என்பவர் 1891-இல் பட்டியல் போட்டார், அவர் பெயரே அவற்றுக்கு நின்றுவிட்டது. இன்றைய கணக்கில் 282. எல்லாவற்றையும் ஏறி முடிப்பது பெரிய கௌரவம்.

ஆர்ச்சி: நாம் நிற்கிறோமே, இது பட்டியலில் எத்தனையாவது?

டங்கன்: இது பட்டியலில் இல்லை. இது வெறும் பழக்கத்துக்கு.

ஆர்ச்சி: இந்தப் பாடு பட்டது கணக்கிலேயே சேராதா? அந்த முன்ரோவாவது எல்லாவற்றையும் ஏறினாரா?

டங்கன்: இல்லை. பாக்கி வைத்துவிட்டு 1919-இல் இறந்துபோனார்.

ஆர்ச்சி: அட்டவணை போடுகிறவர்கள் எல்லாருமே ஒரே ஜாதி! சரி, நீ எத்தனை ஏறியிருக்கிறாய்?

டங்கன்: பாக்கி 279.

ஆர்ச்சி: நான் பாக்கியைக் கேட்கவில்லை.

டங்கன்: மூன்று. அதில் ஒன்று மூடுபனியில். உச்சி என்றுதான் நினைக்கிறேன்.

ஆர்ச்சி: இப்படிப்பட்டவனையா நம்பி வந்தேன்! இறங்கு, கீழே போய் சூப் வாங்கிக்கொடு. இறங்குவதற்கு நெய்ஸ்மித் எவ்வளவு நேரம் சொல்கிறார்?

டங்கன்: இறங்குவதற்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. என்ன, கழுத்தில் அடித்துக்கொள்கிறாய்?

ஆர்ச்சி: காற்று நின்றுவிட்டதுடா. ஓடு!