இரும்புச்சத்து குறைந்தால் பாலையா நிறுத்துவது?

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். குழந்தைக்கு இரும்புச்சத்து குறைவு என்று இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "வெறும் தாய்ப்பாலில் வளர்த்தால் இப்படித்தான் ஆகும்" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லி, பாலை நிறுத்தச் சொல்பவருக்குக் குவியும் பாராட்டுகளைக் கண்டபின் பேசாமலிருக்க முடியவில்லை.

தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு என்பதை யாரும் மறைக்கவில்லை. ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இராது. நிறைமாதக் குழந்தை, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து சேர்த்துக்கொண்ட இரும்பின் இருப்போடு பிறக்கிறது. நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை அந்த இருப்பே அதைக் காக்கிறது. அது தீரும்போது இரும்பைக் கொடுங்கள்; பாலை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நான்காம் மாதத்திலிருந்து, எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் தினமும் இரும்புச்சத்து கொடுக்கப் பரிந்துரைத்தது. பாலை நிறுத்தச் சொல்லவில்லை. நம் நாட்டில் 2018 முதல் நடக்கும் இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் உண்டு. அங்கும் பாலை நிறுத்தச் சொல்லவில்லை.

"பால் பொடியில் இரும்பு சேர்த்திருக்கிறார்களே" என்பீர்கள். பால் கொடுக்க இயலாத தாய்க்கு அது உதவட்டும். சில சொட்டு மருந்தில் தீரும் குறைக்காக, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையை ஏன் பிரிக்க வேண்டும்? "ஒரு வயது வரை தாய்ப்பாலே போதும், மருந்தெல்லாம் வேண்டாம்" என்று எனக்கு ஆதரவாக எழுதுகிறவர்களையும் நான் ஏற்கவில்லை. ஆறு மாதத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் ஈரலும் தொடங்காமல் தள்ளிப்போடுவது குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

என் இளைய மகளுக்கு ஹீமோகுளோபின் குறைந்தபோது, "தண்ணிப் பாலைக் குடிச்சுத்தான் பிள்ளை வெளுத்துப் போச்சு" என்று பெரியம்மா ஒருவர் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலும் தொடர்ந்தது, மகளும் தேறினாள். அந்தச் சொல் மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

குழந்தையின் இரும்பு இருப்பு ஏன் குறைந்தது என்று யாராவது கேட்டீர்களா? குறைமாதப் பிறப்பா? கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்குச் சேர, தொப்புள்கொடியைக் கட்டுமுன் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறதே உலக சுகாதார நிறுவனம், பொறுத்தார்களா? கர்ப்பத்தில் தாய்க்கே இரத்தசோகை இருந்ததா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள் தன் குழந்தைக்கு எந்த இருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்? அவளிடம் போய் உன் பால் சரியில்லை என்கிறீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள் அவள் இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசின் விதி. அதனால் பாலில் இரும்பு பெரிதாக ஏறிவிடாது. அது அவள் உடல் தேறுவதற்காக. இன்று மாத்திரை சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறது?