வண்டலூர் வண்டி

(பழைய கார் கண்காட்சி. கயிற்றுக்குள் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்.)

வந்தவர்: அடடா, மூஞ்சி மொத்தமும் பெயர்ந்து தொங்குகிறதே! எங்கே மேடம் இடித்தது? லாரியா, பஸ்ஸா?

வண்டிக்காரம்மா: இடிக்கவில்லை தம்பி. பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.

வந்தவர்: பானெட் என்றால் மேல்பக்கம் மட்டும்தானே திறக்கும்? இங்கே ஹெட்லைட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து குப்புறக் கிடக்கிறது!

வண்டிக்காரம்மா: இந்த வண்டிக்கு அப்படித்தான். பின்னாலிருந்து தூக்கினால் முன்பக்கம் முழுக்க அப்படியே சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம்.

வந்தவர்: (பக்கத்தில் நிற்கும் பையனிடம்) பார்த்தியா கண்ணா? ஆக்சிடென்ட் ஆன வண்டி. பெயின்ட் மட்டும் அடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். (திரும்பி) சார் இல்லையா மேடம்?

வண்டிக்காரம்மா: எந்த சார்?

வந்தவர்: வண்டி ஓனர் சார்.

வண்டிக்காரம்மா: நான்தான் ஓனர்.

வந்தவர்: அது சரி, ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும். எங்கள் வீட்டிலும் ஸ்கூட்டி என் மனைவி பெயரில்தான். நான் கேட்பது விவரம் தெரிந்த சார்.

வண்டிக்காரம்மா: அவர் இன்னும் பிறக்கவில்லை. என்ன வேண்டும், என்னைக் கேளுங்க.

வந்தவர்: இல்லை, பரவாயில்லை. சார் வரட்டும்.

(கையிலிருந்த மசாலா சோளக் கப்பை வண்டியின் கூரைமேல் வைக்கிறார். அம்மா அதை இரண்டு விரலால் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கூரையில் விழுந்த ஈர வட்டத்தை மஞ்சள் துணியால் துடைக்கிறார். கண்காட்சிகளில் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்களே, அது எதற்கென்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. குழந்தைகள் ஊஞ்சலாட வசதி, அவ்வளவுதான்.)

வந்தவர்: எம்.ஜி.ஆர். வண்டிதானே இது?

வண்டிக்காரம்மா: இல்லை. எம்.ஜி.ஆர். வைத்திருந்தது அம்பாசடர். நம்பர் 4777. தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது, போய்ப் பாருங்க.

வந்தவர்: அப்போ சிவாஜி?

வண்டிக்காரம்மா: இல்லை.

வந்தவர்: ஜெமினி?

வண்டிக்காரம்மா: மயிலாப்பூரில் ஒரு பல் டாக்டர் ஓட்டிய வண்டி. என் அப்பா. 1966இல் வாங்கினார்.

வந்தவர்: ஓ! எம்.ஜி.ஆருக்குப் பல் பார்த்தவரா?

வண்டிக்காரம்மா: லஸ் கார்னரைத் தாண்டி அவரிடம் யாரும் பல் காட்டியதில்லை.

வந்தவர்: நம்பர் பிளேட்டில் எம்.எஸ். என்று ஆரம்பிக்கிறதே. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவா?

வண்டிக்காரம்மா: தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969இல். இது அதற்கு முன்னால் பதிவான வண்டி. அப்போது நம் ஊர் நம்பர் எம்மில்தான் ஆரம்பிக்கும்.

வந்தவர்: சரி சரி. அவங்களுக்கும் பல் வலி வந்திருக்கும்தானே.

(சோளக் கப் இப்போது பின் டிக்கிமேல் இருக்கிறது. மறுபடியும் மஞ்சள் துணி.)

வந்தவர்: என்ன மைலேஜ் கொடுக்கும்?

வண்டிக்காரம்மா: காலையிலிருந்து எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்.

வந்தவர்: நீங்கள் என்ன சொன்னீங்க?

வண்டிக்காரம்மா: கிளம்பின இடத்துக்கு லாரியில் ஏறாமல் திரும்பி வந்தால் அன்றைக்கு நல்ல மைலேஜ்.

வந்தவர்: அப்படி இல்லை மேடம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று... விடுங்க, சார் வரட்டும். ஏன் இரண்டே கதவு? பின் கதவு இரண்டையும் எடுத்துவிட்டு வெல்டிங் வைத்து மூடிவிட்டீர்களா?

வண்டிக்காரம்மா: வரும்போதே இரண்டு கதவுதான். நாலு கதவு வந்தது 1968இல், மார்க் த்ரீ என்கிற மாடலில். இங்கிலாந்துக்காரன் ஹெரால்டுக்கு நாலு கதவு வைக்கவே இல்லை. நம் ஊரில்தான் பாட்டி, சித்தி, சித்தி மகள் எல்லாரும் பின்னால் ஏற வேண்டியிருக்கிறதே, அதனால் வைத்தார்கள்.

வந்தவர்: பின் டயர் இரண்டும் ஒரு மாதிரி சாய்ந்திருக்கு. அலைன்மென்ட் போய்விட்டது. எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, சாரை அங்கே போகச் சொல்லுங்க.

வண்டிக்காரம்மா: ஸ்விங் ஆக்சில் தம்பி, பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். ஆள் ஏறினால் ஒரு மாதிரி சாயும், இறங்கினால் வேறு மாதிரி சாயும். நம் மெக்கானிக்குகளுக்கே அது பிடிக்கவில்லை. அதனால்தான் இதற்கு அடுத்து வந்த கெஸல் காரில் சாதாரண ஆக்சிலே போட்டுவிட்டார்கள்.

வந்தவர்: அதைத்தான் நானும் சொல்கிறேன், அலைன்மென்ட். (பையனிடம்) அங்கே பார், பவர் விண்டோ கெட்டுப்போய்விட்டது. கையால் சுற்றுகிற மாதிரி ஏதோ வைத்திருக்கிறார்கள்.

வண்டிக்காரம்மா: (பெருமூச்சு) குழந்தை உள்ளே உட்காரணும் என்றால் உட்காரட்டும். ஷூவை மட்டும் கழற்றச் சொல்லுங்க.

வந்தவர்: தேங்க்ஸ் மேடம். எத்தனை சிசி?

வண்டிக்காரம்மா: 948.

வந்தவர்: இவ்வளவுதானா? கிட்டத்தட்ட என் மச்சான் பைக்.

வண்டிக்காரம்மா: உங்கள் மச்சான் பைக்கில் ஐந்து பேரும் ஒரு மண்பானைத் தண்ணீரும் கொடைக்கானல் ஏறியிருக்கிறார்களா? நாங்கள் ஏறினோம். பானைத் தண்ணீரில் பாதி ரேடியேட்டர் குடித்தது, அது வேறு விஷயம்.

வந்தவர்: பவர் ஸ்டியரிங்?

வண்டிக்காரம்மா: கிடையாது. ஆனால் 25 அடி வட்டத்துக்குள் முழுசாய் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடும். எங்கள் தெருவில் ரிவர்ஸே எடுக்காமல் திருப்பும் ஒரே கார் இதுதான். உங்கள் வண்டி எத்தனை அடியில் திரும்பும்?

வந்தவர்: என் வண்டியில் ரிவர்ஸ் கேமரா இருக்கு மேடம்.

வண்டிக்காரம்மா: அதுதான் பதில் என்றால் சரி.

வந்தவர்: இந்த எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு இ.வி. கிட் போட்டுவிட்டால் என்ன? செலவு மிச்சம், சத்தமும் இருக்காது.

வண்டிக்காரம்மா: அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்திருக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து ரப்பர் ஹோஸ் எல்லாம் கெட்டுப்போய் மாற்றி மாற்றி ஓய்ந்துபோனேன், அப்போதுகூட எனக்கு அந்த யோசனை வரவில்லை.

வந்தவர்: கல்யாண வாடகைக்கு விடுவீங்களா? என் தங்கைக்குத் தை மாதம் முகூர்த்தம். பூ, ரிப்பன் எல்லாம் நாங்களே ஒட்டிக்கொள்வோம்.

வண்டிக்காரம்மா: விடக்கூடாது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம் என்று 2021இல் விதி வந்தது. அப்படிப் பதிந்ததை வாடகைக்கு ஓட்ட முடியாது.

வந்தவர்: அதெல்லாம் சாரிடம் தனியாகப் பேசினால் முடியும். வரட்டும்.

(கப் இப்போது மட்கார்டுமேல். அம்மா இந்த முறை கப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கயிற்றுக்கு வெளியே தரையில் வைக்கிறார். வந்தவர் அதைக் குனிந்து எடுத்து ஊதிவிட்டுச் சாப்பிடுகிறார்.)

வந்தவர்: என்ன இருந்தாலும் ஃபாரின் ஃபாரின்தான் மேடம். பாருங்க, எத்தனை வருஷமாகியும் எப்படி நிற்கிறது! நம் ஆட்கள் செய்தால் இப்படி இருக்குமா?

வண்டிக்காரம்மா: வண்டலூர்.

வந்தவர்: என்னது?

வண்டிக்காரம்மா: வண்டலூரில் செய்தது.

வந்தவர்: ஜூவிலா?

வண்டிக்காரம்மா: ஜூ அங்கே திறந்தது 1985இல். ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இருந்தது. 1961லிருந்து 71 வரை இந்த ஹெரால்டை அங்கேதான் செய்தார்கள்.

வந்தவர்: அப்போ சஃபாரி வண்டி என்று சொல்லுங்க! அதனால்தான் முன்பக்கம் இப்படித் திறக்கிறதா? சிங்கம் வந்தால் ஒரு தடுப்பு மாதிரி?

வண்டிக்காரம்மா: (துணியை உதறிக்கொண்டே) கேளுங்க தம்பி. காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. மொத்த இந்தியாவுக்கும் முக்கியமாக மூன்றே கார். அம்பாசடர் கல்கத்தா, ஃபியட் பம்பாய், ஸ்டாண்டர்ட் மெட்ராஸ். வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் மிகெலோட்டி. அதைச் செய்தது செங்கல்பட்டு ரயிலில் டிபன் பாக்ஸோடு தொங்கிக்கொண்டு போனவர்கள். இன்றைக்கு இந்தக் கயிற்றுக்கு வெளியே நிற்கிற யாரைக் கேட்டாலும் இது ஃபாரின். பளபளவென்று இருந்தால் ஃபாரின், வழியில் நின்றுபோனால் நம் ஊர் வண்டி. இந்த ஊருக்குத் தான் செய்த பொருளைக்கூடப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை.

வந்தவர்: (சற்று மௌனம்) இத்தாலியா? அப்போ ஃபெராரி!

வண்டிக்காரம்மா: அந்த மனுஷர் ஃபெராரிக்கும் வரைந்திருக்கிறார். ஐயோ, இதை உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது.

வந்தவர்: (போனில்) டேய், நேரா உள்ளே வா. அம்பாசடருக்குப் பக்கத்தில் பழைய ஃபெராரி ஒன்று நிற்கிறது. ஆக்சிடென்ட் ஆனதுதான், இருந்தாலும் ஃபெராரிடா! (போனை வைத்துவிட்டு) தொழிற்சாலை வண்டலூரில் எங்கே மேடம்? என் ஆபீஸே பெருங்களத்தூர்தான், ஐ.டி. பார்க்.

வண்டிக்காரம்மா: ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறதே, அதுவா? அந்த இடம்தான் தம்பி. நீங்கள் இப்போது லிஃப்டில் ஏறி இறங்குகிற இடத்தில்தான் இந்த வண்டி பிறந்தது.

வந்தவர்: அங்கேயா? (தலையை ஆட்டுகிறார்) வாய்ப்பே இல்லை மேடம். அங்கே எங்களுக்கே பார்க்கிங் கிடைக்காது.

வண்டிக்காரம்மா: குழந்தையை இறக்கிக்கொள்ளுங்க. சோக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

வந்தவர்: இறங்குடா. (திறந்து கிடக்கும் முன்பக்கத்தை மறுபடி உற்றுப் பார்க்கிறார்) மேடம், நிஜமாகவே இது திறந்துதான் இருக்கிறதா? இடிக்கவே இல்லையா?

வண்டிக்காரம்மா: எத்தனை தடவை சொல்வது?

வந்தவர்: ஒன்றுமில்லை, மன்னார்குடியில் தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகையில் இதே மாதிரி ஒன்று மூஞ்சி கவிழ்ந்து கிடக்கிறது. தாத்தா எங்கேயோ கொண்டுபோய் மோதிவிட்டார், அந்த பயத்தில்தான் அப்புறம் வண்டியே எடுக்கவில்லை என்று அப்பா சொல்வார். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டி இன்னும் வருஷா வருஷம் அதற்குத் திருஷ்டி கழிக்கிறார்.

(அம்மா கையிலிருந்த துணி கீழே விழுகிறது. எடுக்கவில்லை.)

வண்டிக்காரம்மா: தம்பி. உட்காருங்க.

(மடக்கு நாற்காலியை விரிக்கிறார். அவர் கையிலிருந்த சோளக் கப்பைத் தானே வாங்கி, வண்டியின் கூரைமேல் வைக்கிறார்.)

வண்டிக்காரம்மா: அது இரண்டு கதவா, நாலு கதவா?

வந்தவர்: இரண்டுதான். ஒன்று இப்போது கோழிக்கூண்டுக்குப் போய்விட்டது.

வண்டிக்காரம்மா: போகட்டும். பின் விளக்குச் சிவப்புக் கண்ணாடி? உடையாமல் இருக்கா?

வந்தவர்: இரண்டும் இருக்கு மேடம். ஒன்றில்தான் பாட்டி விபூதி போட்டு வைத்திருக்கிறார்.

வண்டிக்காரம்மா: விபூதியா! (வண்டியைப் பிடித்துக்கொள்கிறார்) முன்பக்கப் பெரிய கண்ணாடி?

வந்தவர்: கீறல்கூட இல்லை. கோடையில் அதன்மேல்தான் வடாம் பிழிவோம். சீக்கிரம் காயும்.

வண்டிக்காரம்மா: நாளைக்கே நான் மன்னார்குடிக்கு வருகிறேன். மாட்டைக்கூட நகர்த்த வேண்டாம். என்ன விலை வேண்டும், நீங்களே சொல்லுங்க.

வந்தவர்: (நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, மசாலா சோளத்துக்குக் கை நீட்டுகிறார், அம்மா எடுத்துக் கொடுக்கிறார்) விலையா? பேசலாம் மேடம், எங்கே போய்விடப் போகிறது? இந்த மாதிரி கொடுக்கல் வாங்கல் எல்லாம் நேரடியாகப் பேசினால்தான் பின்னால் தகராறு வராது. சார் வரட்டும்.

வண்டிக்காரம்மா: (கொஞ்ச நேரம் அவரையே பார்க்கிறார். அப்புறம் அம்பாசடருக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கை நோக்கி) பாபு! வெளியே வா. கையைத் துடைத்துக்கொண்டு சட்டையைப் போடு. பத்து நிமிஷத்துக்கு நீதான் சார்.

பாபு: சரிம்மா. மைலேஜ் கேட்டால் என்ன சொல்லணும்?