யாரும் வராத கல்லறைகள்

நேற்று கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே ஆள் விட்டு முள் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலைக்கும் சொல்லி வைத்திருந்தோம். மாலைப் பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் தாத்தா, ஆச்சி கல்லறையைச் சுற்றி நின்றோம். மந்திரித்தார், கும்பிட்டோம், கிளம்பினோம். கேட் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. முன்பக்கம் முழுக்க வெளிச்சம். மேற்கு மூலையில் வெறும் மண்மேடுகளாகக் கிடக்கும் குழிகளில் ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை.

ஆச்சி இருந்தவரை இப்படி விட்டதில்லை. எங்கள் கல்லறைகள் மூன்றுதான், ஆனால் அவள் இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்குவாள். மிச்சமெல்லாம் அந்த மூலைக்கு. காற்றில் அணையாமல் இருக்கச் சிரட்டையை மறைப்பாக வைக்கச் சொல்வாள். "இது யாரு ஆச்சி?" என்று கேட்டால், "யாரா இருந்தா என்ன, செபத்தைச் சொல்லு" என்பாள். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் சுவாமி. அந்த வரியை நான் மனப்பாடம் செய்தது ஞானோபதேச வகுப்பில் அல்ல, அந்த மண்மேடுகளுக்கு முன்னால்தான்.

இந்தத் திருநாளே எல்லாருக்குமானது. பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவர் புனித ஓதிலோ 998-ஆம் ஆண்டுவாக்கில் நவம்பர் 2-ஐத் தொடங்கி வைத்தது, இறந்த விசுவாசிகள் அத்தனை பேரையும் நினைத்து வேண்டத்தான். 1915-இல், முதல் உலகப் போரில் பிணங்கள் குவிந்த நேரத்தில், திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் குருக்கள் இந்த ஒரு நாளில் மூன்று பூசை வைக்க அனுமதி தந்தார். அதில் ஒன்றுக்குத்தான் காணிக்கை வாங்கலாம். இன்னொன்று மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும். அதாவது காசு கொடுத்து, பெயர் எழுதிக் கொடுக்க ஆளில்லாதவர்களுக்கும் அன்று பீடத்தில் இடமுண்டு. நாம்தான் அதைக் குடும்ப விசேஷமாகச் சுருக்கிவிட்டோம்.

மேற்கு மூலையில் என் அப்பாவின் சித்தப்பாவும் இருக்கிறார். 1970-களில் தூக்குப் போட்டுக்கொண்டவர். மணி அடிக்கவில்லை, பூசையும் இல்லை, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் புதைத்தார்கள். அன்றைய திருச்சபைச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை வேண்டுகிறது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. சட்டம் மாறி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் நேற்றுவரை யாரும் அவர் பெயரைப் பூசைக் கருத்தில், அதாவது யாருக்காகப் பூசை என்று சொல்லும் இடத்தில், எழுதிக் கொடுக்கவில்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

விவிலியத்தில் மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். இறந்தவர்களுக்காக வேண்டுவதற்கு நாம் எப்போதும் காட்டும் பகுதி அது. போரில் செத்தவர்களின் உடைக்குள் சிலைகளின் தாயத்துகள் இருந்தன. யூதச் சட்டப்படி அது பாவம். அது தெரிந்த பிறகுதான் அவர்களின் படைத்தலைவர் யூதா சுமார் 2,000 வெள்ளிக் காசு திரட்டி, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். தப்புச் செய்து செத்தவர்களுக்காகத்தான் அந்தக் காணிக்கை!

அப்புறம் சாதி. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கக் கட்டிய திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் ஊரறிந்த விஷயம், அதை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துவிடக் கூடாது. சுவரே இல்லாத கல்லறைத் தோட்டத்திலும் யார் எந்தப் பக்கம் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரே அப்பத்தை வாங்கியவர்கள் மண்ணுக்குள் போன பிறகும் தள்ளித்தான் படுக்க வேண்டும் என்றால், உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் எந்த வாயால் சொல்கிறோம்?

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் வேண்டினால், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் இவற்றோடு பரிபூரண பலன் உண்டு, அதாவது பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும். அந்தப் பலன் நமக்கில்லை, விண்ணகம் சேரும் முன் தூய்மை பெற்றுக்கொண்டிருக்கும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு மட்டும். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நேற்று ராத்திரி நல்ல மழை. ஏற்றி வைத்ததெல்லாம் அணைந்திருக்கும். நாளைக்குச் சாயங்காலம் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு மகளையும் கூட்டிப் போகிறேன், முதலில் சுவரோரத்துக்கு. சின்னத் தாத்தா பெயரில் பூசைக்கு இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.