மாதச் சந்தா வேறு, செலவு வேறு

அந்த அட்டவணையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். இடப்பக்கம் ஃபைபர் இணையம், வலப்பக்கம் சாட்டிலைட் இணையம். கீழே இரண்டே வரி: வேகம், மாதச் சந்தா. "வித்தியாசம் இவ்வளவுதான், இனி எதற்குக் கேபிள்?" என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே போய், "மின்சாரம், கம்பம், எர்த்திங், டேட்டா வரம்பு இதெல்லாம் எந்த வரியில் வருகிறது?" என்று ஒரே ஒரு வரி கேட்டேன். ஃபைபர் கம்பெனியிடம் காசு வாங்கியவன், வளர்ச்சிக்கு எதிரி, வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று மூன்று பட்டம் கிடைத்தது. பட்டத்தை விடுங்கள். கேட்ட கேள்விக்கு ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா என்பது செலவில் ஒரு துண்டு. முழுச் செலவு தெரிய வேண்டுமானால் 36 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். கருவியின் விலை, சரக்குக் கூலி, வரி, கம்பமும் பொருத்தும் கூலியும், பேட்டரி இவற்றை ஒரு பக்கம் கூட்டுங்கள். சந்தா, மின்சாரம், கூடுதல் டேட்டா, மாற்று இணைப்பு இவற்றை 36ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். மொத்தத்தை 36ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான மாதச் செலவு. ஏன் 36 என்றால், சாதாரண லெட் ஆசிட் பேட்டரி தளரத் தொடங்குவது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். அதற்குக் குறைவாகக் கணக்குப் போட்டால் அடுத்த பேட்டரியின் செலவு கண்ணிலேயே படாது.

முதலில் மின்சாரம். டிவிக்கு மாட்டும் டிஷ் மாதிரிதான் இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். டிவி டிஷ் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளோடு பேசும் தட்டையான தட்டு அப்படி இல்லை. அதற்குள் ஏராளமான சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் இருக்கின்றன. மணிக்கு சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாட்டிலைட் ஒன்று சில நிமிடங்களில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். உடனே அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இதை நாள் முழுக்க, நீங்கள் தூங்கும்போதும் அது செய்துகொண்டே இருக்கும். சாட்டிலைட் இணையம் தரும் கம்பெனியான ஸ்டார்லிங்கின் வழக்கமான மூன்றாம் தலைமுறைத் தட்டுக்குச் சராசரி மின்தேவை 75 முதல் 100 வாட் என்று அவர்களுடைய விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. அவர்களுடைய சின்னத் தட்டான மினி என்றால் 25 முதல் 40 வாட்.

குறைந்தபட்சமான 75 வாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.8 யூனிட். மாதம் 54. வருடத்துக்கு 657 யூனிட். ஃபைபர் மோடமும் ரூட்டரும் சேர்ந்தால் பொதுவாக 10 முதல் 15 வாட்டுக்குள் முடிந்துவிடும், மாதம் 7 முதல் 11 யூனிட். இந்த வித்தியாசம் அட்டவணையில் எங்கே இருக்கிறது? மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறும் முறையில் இருந்தால், இந்த 54 யூனிட் உங்கள் மொத்த உபயோகத்தையே மேல் அடுக்குக்குத் தள்ளிவிடக்கூடும். அப்போது கூடும் தொகை 54 யூனிட்டின் விலையோடு நிற்காது.

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மின்வெட்டு ஒரு பிரச்சினையா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் ஏட்டளவில் 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 900. இன்வெர்ட்டரில் சுமார் 15 சதவீதம் வீணாகும். மிச்சம் 765. விளக்கும் மின்விசிறியும் 150 வாட் இழுத்தால் 5 மணி நேரம் ஓடும். டிஷ்ஷின் 75 வாட்டைச் சேருங்கள், 3 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். இணையத்துக்கு மட்டும் 8 மணி நேரம் தனியாக வேண்டும் என்றால் 120 ஏஎச் பேட்டரி ஒன்று அதற்கென்றே வாங்க வேண்டும். கிரிட் மின்சாரமே இல்லாத இடத்தில் சோலாரில் 24 மணி நேரமும் ஓட்டுவதாக இருந்தால், நாளுக்கு நாலரை மணி நேரம் நல்ல வெயில், 30 சதவீத இழப்பு என்று வைத்தால்கூட ஏறத்தாழ 570 வாட் பேனல் தேவை. மேகமூட்டமான நாளுக்குப் பேட்டரி தனிக் கணக்கு. இத்தனையும் சேர்ந்தால் சில இடங்களில் டிஷ்ஷை விட அதற்குச் சோறு போடும் சாமான்தான் விலை அதிகம்.

திரும்பவும் சொல்கிறேன், மாதச் சந்தா செலவில் ஒரு துண்டுதான்.

அடுத்தது பொருத்துவது. பெட்டியில் வரும் சின்ன ஸ்டாண்ட், சுற்றிலும் வெட்டவெளியாக இருக்கிற இடத்துக்குத்தான் போதும். தட்டுக்கு மேலே ஏறத்தாழ 110 பாகை அகலத்துக்கு வானம் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துச் சுவர், மரக்கிளை எது குறுக்கே வந்தாலும் கணக்கில் சேரும். வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனியின் செயலியைத் திறந்து, போன் கேமராவால் வானத்தைச் சுற்றிக் காட்டினால் மறைப்பு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். காசே செலவில்லை. ஆனால் பெரும்பாலோர் இதைச் செய்வது பெட்டியைப் பிரித்த பிறகுதான்.

மறைப்பு 1 சதவீதம் என்று வந்தால், "99 சதவீதம் இருக்கிறதே, போதாதா?" என்று தோன்றும். ஒரு நாளில் 1 சதவீதம் என்பது 14 நிமிடம் 24 விநாடி. அது மொத்தமாக ஒரே நேரத்தில் வந்தால் எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் ஒவ்வொரு சாட்டிலைட்டும் கிளைக்குப் பின்னால் போகும்போதெல்லாம் இரண்டு விநாடி, ஐந்து விநாடி என்று சிதறி வரும். படம் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, வீடியோ முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவருக்கு இதுதான் நடந்தது. வேகச் சோதனையில் 150 எம்பிபிஎஸ் காட்டும், வகுப்பில் மட்டும் பேச்சு வெட்டி வெட்டிப் போகும். பழி முழுக்க அவருடைய லேப்டாப் மேல் விழுந்தது. கடைசியில் காரணம் ஒரே ஒரு மரக்கிளை. கிளை அடுத்த வீட்டுடையது, வெட்டச் சம்மதிக்கவில்லை. தட்டை 3 மீட்டர் உயர்த்தினார்கள். கம்பம், அதற்கு இழுவைக் கம்பி, நீளமான கேபிள். அந்தக் கேபிளும் சாதாரண நெட்வொர்க் கேபிள் கிடையாது, அவர்களிடமே வாங்க வேண்டியது. மாணவர்கள் முன்னால் தன் தவறே இல்லாத ஒன்றுக்காக அவர் ஒரு மாதம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இதற்கு அட்டவணையில் எந்தக் கட்டம்?

கம்பம் உயர்ந்தால் இடியின் கவலையும் உயரும். கம்பத்துக்கு எர்த்திங் வேண்டும், அதுவும் தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து விட்டுவிடக் கூடாது. வீட்டின் பிரதான எர்த்தோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஏற்படும் மின்னழுத்த வித்தியாசம் கேபிள் வழியாக ரூட்டருக்குள் பாயும். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கக் கேபிளில் போடும் சர்ஜ் தடுப்பானும் அந்த டிஷ் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் டேட்டாவும் மின்சாரமும் ஒரே கேபிளில்தான் போகின்றன. கேபிள் சுவருக்குள் நுழையும் துளையை வெளிப்பக்கம் சரிவாக இடுங்கள். நுழைவதற்கு முன் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இந்த வளைவு விடாததால் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பின்கள் பச்சை பூத்துக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

டேட்டாவுக்கு வருவோம். அளவில்லாத் திட்டம் என்று போட்டிருந்தாலும் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படியுங்கள். முன்னுரிமை டேட்டா, அதாவது நெரிசலிலும் முதலில் வேகம் கிடைக்கும் அளவு, 50 ஜிபி என்று இருந்தால், 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் அது 67 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேகம் கூடக் கூட வரம்பு சீக்கிரம் வரும், ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது வேகம் மட்டும்தான். எச்டி படம் மணிக்கு சுமார் 3 ஜிபி, 4கே என்றால் 7 ஜிபி. போன் படங்கள் தானாக மேலேறுவது, கேம் அப்டேட், கணினி அப்டேட் எல்லாம் ராத்திரி சத்தமில்லாமல் தின்னும். வரம்பு தாண்டினால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாது. திட்டத்தைப் பொறுத்து வேகத்தைக் குறைக்கும், அல்லது மாலையில் ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில் உங்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பும். ஒரு பகுதிக்கு மேலிருந்து வரும் கொள்ளளவை அங்கே இருக்கும் எல்லோரும்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த அட்டவணையில் இன்னொரு பெரிய பிழை, எல்லாச் சாட்டிலைட்டையும் ஒன்றாக்கியது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதுபோல் தெரியும் சாட்டிலைட் வழியாகப் போகும் இணைப்புக்கு, கேள்வி போய்ப் பதில் வர நான்கு முறை அந்தத் தூரம் கடக்க வேண்டும். ஒளியின் வேகத்திலேயே 480 மில்லி விநாடி ஆகிவிடும். நடைமுறையில் 600க்கு மேல். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இது குறையாது. அலுவலக வலைக்குள் மறையாக்கம் செய்து நுழையும் விபிஎன் போட்டால் இன்னும் மோசம், மோடம் செய்யும் வேகப்படுத்தும் உத்திகள் மறையாக்கத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் செயலிழந்துவிடும். தாழ்வான சுற்றுப்பாதையில் இந்தச் சிக்கல் இல்லை, பெரும்பாலும் 25 முதல் 60 மில்லி விநாடிக்குள் அடங்கும். மழையில் இரண்டும் தடுமாறும்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது, பலர் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் சிஜிநாட் என்ற ஏற்பாட்டின் பின்னால்தான் இருப்பீர்கள். வெளியூரிலிருந்து நேராக, கேமரா பதிவுகள் சேரும் பெட்டியான டிவிஆருக்குள் நுழைய முடியாது. கிளவுட் வழியாகப் பார்க்கும் கேமரா வேண்டும், அல்லது கூடுதல் கட்டணத் திட்டம். அதுவும் செலவு.

"ஃபைபரும் இல்லை, டவரும் இல்லை, அங்கே இருப்பவன் என்ன செய்வான்?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். வாங்குவான், வாங்க வேண்டும். மலையில், கடலில், வெள்ளம் வந்து எல்லாக் கம்பியும் அறுந்த நேரத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. இதை நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அட்டவணை பேசியது அவர்களிடம் இல்லை. வாசல் வரை ஃபைபர் வந்த வீட்டுக்காரரிடம் "இதைக் கழற்றிவிட்டு அதை வாங்கு" என்று பேசியது.

"விலை குறைந்துகொண்டே போகும்" என்பது அடுத்த வாதம். தட்டின் விலை குறையலாம். வானத்தில் இருப்பதைப் பாருங்கள். தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் ஒன்றின் ஆயுள் சுமார் 5 வருடம். பிறகு அதை வளிமண்டலத்தில் இறக்கி எரித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏவ வேண்டும். ஒருமுறை புதைத்த ஃபைபர் பல பத்தாண்டு கிடக்கும். சாட்டிலைட்டில் அப்படி இல்லை, சாலையையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுவது மாதிரி, அந்தக் காசு சந்தாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் ஏவிய 49 சாட்டிலைட்டுகளில் 38, சூரியனின் சீற்றத்தால் எழுந்த ஒரு புவிகாந்தப் புயலில் போயின.

கம்பெனிகளும் கவிழும். சாட்டிலைட் போன் கம்பெனியான இரிடியம் 1998 நவம்பரில் சேவை தொடங்கி 1999 ஆகஸ்டில் திவாலானது. சாட்டிலைட் இணையக் கம்பெனியான ஒன்வெப் 2020 மார்ச்சில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. இரண்டும் கைமாறிப் பிழைத்தன, சரி. ஆனால் வீட்டுக்கு வாங்கும் தட்டு ஒரே ஒரு கம்பெனியின் வலைக்குத்தான் பேசும். அந்தக் கம்பெனி நின்றால் தட்டை வேறு எங்கும் செருக முடியாது. 2022 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவுக்கு இணையம் தரும் கேஏ-சாட் சாட்டிலைட்டின் வலை மேல் நடந்த சைபர் தாக்குதலில் ஆயிரக்கணக்கான மோடம்கள் ஒரே நாளில் செத்தன. மத்திய ஐரோப்பாவில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போயிற்று. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்கே உலகம் முழுக்க சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. இணையத்தை நம்பிச் சம்பாதிப்பவருக்கு இரண்டாவதாக ஒரு 4ஜி இணைப்பாவது வேண்டும். அதன் சந்தாவையும் 36ஆல் பெருக்குங்கள்.

கடைசியாக வந்த வாதம்தான் வலித்தது. "அவரவர் காசு, உனக்கென்ன?" என்றார்கள். வசதியானவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாதச் சந்தாவை மட்டும் பார்த்து, அதைக் கட்டும் அளவுக்கு மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு வாங்கும் குடும்பம் இருக்கிறதே, அவர்கள் இரண்டாம் மாதமே மின்கட்டணச் சீட்டைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். கம்பத்துக்குக் காசு இல்லாமல் தட்டைச் சன்னல் ஓரத்தில் சாய்த்து வைக்கிறார்கள். பிறகு "சாட்டிலைட்டே சரியில்லை" என்கிறார்கள். சரியில்லாதது கணக்கு. அந்தக் கணக்கைப் பாதி மறைத்துக் காட்டியவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேள்வி கேட்ட என்னைத்தான் கேட்டார்கள்.

அட்டவணை போட்ட நண்பரே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். இன்னும் நான்கு வரி சேர்த்துவிடுங்கள்: மாத யூனிட், பொருத்தும் செலவு, முன்னுரிமை டேட்டா, மாற்று இணைப்பு. அதன் பிறகும் சாட்டிலைட்தான் லாபம் என்று வந்தால் முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

உள்பெட்டியில் ஒருவர், "அதைப் பார்த்து நேற்றே ஆர்டர் போட்டுவிட்டேன், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். பதற வேண்டாம். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள், அது ஆர்டர் போட்ட நாளிலிருந்தா கையில் வந்த நாளிலிருந்தா என்று முதலில் பாருங்கள். வந்ததும் சுவரில் துளை போடாதீர்கள். தற்காலிகமாக மாடியில் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள், பிளக்கில் செருகி மின்சாரத்தை அளக்கும் ஒரு மீட்டரில் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், மாலை 8 மணி வேகத்தைத் தனியாக எழுதுங்கள், செயலியில் மறைப்பு எத்தனை சதவீதம் என்று தினமும் பாருங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் பொதியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திருப்பி அனுப்புவதானால் அதிலேயே வைத்து அனுப்புவதுதான் பாதுகாப்பு.