தூரம் ஒரு கணக்கு, காற்று ஒரு கணக்கு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூயார்க் நேரடி விமானம் பற்றிய உங்கள் கட்டுரையில், சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் 15,300 கிலோமீட்டர் சொச்சம், பயணம் 18 மணி நேரத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்தத் தூரம் உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்து அளந்தது. விமானம் அப்படியே போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக அடிக்கும் ஜெட் காற்றைத் தேடி வழியை வளைத்துக்கொள்ளும். கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறையும்.

2004ல் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது ஓடியது நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஏ340. எண்ணெயைக் குடித்துத் தள்ளியது, 2013ல் நிறுத்தினார்கள். 2018ல் இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடியும். இந்தச் சேவையில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! டிக்கெட் விலை பார்க்கிறவனுக்கு அதுதானே முதல் செய்தி?

ஒரு ஜூன் மாதம் அம்மாவை நியூயார்க்கில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருகப் போனவரைத் தடுத்தேன். கோடையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், முள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நம்பாமல் அங்கிருந்த சுவர்க் கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். (குளிர்காலத்தில் 13, அப்போது திருகித்தான் ஆக வேண்டும்.)