மண்வள அட்டையில் ஈயத்துக்கும் ஒரு வரி வேண்டும்

சேலம் - கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் ஒருமுறை, மண்ணைச் சோதித்து அரசு தருகிற மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். தழை, மணி, சாம்பல் சத்து இருக்கும். கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் இருக்கும். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கார்பன் இருக்கும். மொத்தம் 12. நச்சு உலோகங்களான ஈயம் கிடையாது, காட்மியமும் கிடையாது. 2015-ல் வந்த இந்தத் திட்டம் எந்தப் பயிருக்கு என்ன உரம் என்று சொல்லத்தான் வந்தது, அந்த வேலைக்கு அது நல்ல திட்டம். ஆனால் ரோட்டோரத் தோட்டத்துக்கு அந்த 12 போதவே போதாது.

"ஈயம் கலந்த பெட்ரோலைத்தான் எப்பவோ நிறுத்தியாச்சே" என்று கேட்பார்கள். ஆமாம், 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதுவரை பல பத்தாண்டுகள் புகையோடு வந்து படிந்த ஈயம் எங்கே போயிருக்கும்? ஈயம் மக்காது, ஆவியாகாது. களிமண்ணையும் மக்கையும் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடக்கும். நம் பக்கத்து மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த கார மண். அதனால் கிணற்றுக்கு இறங்குவது குறைவு, அது ஒரு ஆறுதல். ஆனால் மேலே நிற்கிற ஈயம்தான் காற்றில் புழுதியாகக் கிளம்புகிறது, விளையாடுகிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம், பெட்ரோலோடு விஷயம் முடியவில்லை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரிகளால் பிழைக்கிற சீமை இது. டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள், அதோடு கொஞ்சம் காட்மியமும் ஒட்டிக்கொண்டு வரும். டயர் தேயத் தேய அது தூளாகி ஓரத்தில் விழுகிறது. பிரேக் கட்டை தேய்ந்தால் தாமிரமும் ஆன்டிமனி என்கிற இன்னொரு நச்சுப் பொருளும் விழும். அதனால் வண்டி சீராக ஓடுகிற இடத்தைவிட, பிரேக் போடுகிற டோல்கேட், சிக்னல், வேகத்தடை பக்கம்தான் அதிகம் சேரும்.

நெடுஞ்சாலை ஓரமாகக் கீரை விற்கிற ஒரு அம்மாவிடம் இதைப் பேசினேன். அவர் பாத்தி ரோட்டிலிருந்து நாலு எட்டுதான். தண்டுக்கீரை இலையை விரலால் தேய்த்தால் மைபோலக் கறுப்பாக ஒட்டியது. "ஏனுங்க, கழுவித்தானுங்க குடுக்கறோம்" என்றார். கழுவினால் இலைமேல் படிந்த தூசியும் அதிலிருக்கிற ஈயமும் பெருமளவு போய்விடும், அவர் செய்வது சரியான காரியம்தான். காட்மியம் அப்படி இல்லை. வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே சேரும், அதிலும் கீரைகள் அதை அதிகம் இழுக்கும். உடம்பில் அது சேருகிற இடம் சிறுநீரகம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் மண்ணில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டிய அட்டையில் அந்த வரியே இல்லையே.

மண் மாதிரி எடுக்கிற முறையைக் கவனித்தீர்களா? வரப்போரம் எடுக்காதே, மரத்தடியில் எடுக்காதே, எருக்குழி பக்கம் எடுக்காதே என்பார்கள். வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரை கிலோ எடுப்பார்கள். உரக் கணக்குக்கு இது சரி. ஆனால் ரோட்டோர உலோகம் கிடப்பது அந்த ஓரத்தில்தான், அதுவும் மேலே சில சென்டிமீட்டரில். ரோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். தோட்டத்தின் நடு மண்ணோடு கலந்துவிட்டால் அது தெரியவே தெரியாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ரோட்டை அகலப்படுத்தும்போது சுரண்டுகிற ஓரமண் லாரி லாரியாக வீட்டு மனைக்கும் தென்னந்தோப்புக்கும் போகிறது. பல வருடம் ஓரத்தில் சேர்ந்ததை நாமே காசு கொடுத்து வாசலுக்குக் கொண்டுவருகிறோம். சோதிக்காமல் அந்த மண்ணை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் காய்கறிப் பாத்திக்கும் குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்கும் வேண்டாம்.

ரோட்டை ஒட்டிய முதல் பத்துப் பதினைந்து மீட்டரில் கீரை வேண்டாம், கிழங்கும் வேண்டாம். மரப்பயிர் வையுங்கள். ஆட்டை அங்கே மேய விடாதீர்கள், அது புல்லோடு மண்ணையும் சேர்த்துத் தின்னும். கிளுவை வேலி நம் சொத்துதான், ஆனால் புழுதி அதிகமான கோடையில் அது இலையை உதிர்த்துவிடும். அதனால் கூடவே வேம்போ புங்கனோ நெருக்கமாக ஒரு வரிசை வேண்டும்.

அரசிடம் கேட்பதும் பெரிய செலவு பிடிக்கிற விஷயமில்லை. துத்தநாகம், தாமிரம் பார்க்கிற அணு உறிஞ்சல் கருவியிலேயே விளக்கை மாற்றினால் ஈயமும் காட்மியமும் பார்க்கலாம். நெடுஞ்சாலையோரச் சர்வே எண்களுக்கு மட்டுமாவது இதைத் தொடங்கட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மண் எடுக்க ஆள் வந்தால் ரோட்டோர மேல்மண் இரண்டு அங்குலத்தைத் தனிப் பையில் போட்டு, கலக்காமல் தனியாகச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.